பாஸ்கா திருவிழிப்பு: இருட்டிலிருந்து தொடங்குங்கள்

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின பெரிய சனி இரவில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்புக்கான பங்கு ஏற்பாட்டுக் கூட்டத்தில் சீரியல் விளக்கு, பந்தல், உயிர்த்த ஆண்டவர் சுரூபம் குகையிலிருந்து எழும்பும் அமைப்பு என்று எல்லாம் பேசி முடிப்போம். இருட்டைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. அந்த இரவுக்கு முதலில் வேண்டியதே இருட்டுதான். கிறிஸ்து உயிர்த்தார் என்று மறையுரையில் கேட்பதற்கு முன்பே, இருண்ட கோயிலுக்குள் ஒற்றைத் திரி வருவதை மக்கள் பார்த்துவிடுகிறார்கள். அதைப் பார்க்க முடியாமல் செய்துவிட்டு, அப்புறம் எவ்வளவு விளக்கினாலும் எடுபடாது.

ஆகவே முதலில் நேரம். இரவு கவிந்த பிறகு தொடங்கி, ஞாயிறு விடிவதற்கு முன் முடிக்க வேண்டும் என்பது திருப்பலிப் புத்தகத்தின் விதி. 2027இல் உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 28. அந்த நாட்களில் சென்னையில் சூரியன் மறைவது சுமார் 6.20க்கு. 7.15க்கு முன் வானம் முழுசாக இருட்டாது. வழக்கமான சனி மாலைத் திருப்பலி நேரத்துக்கே இதையும் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை உரோமை 1988இல் வெளியிட்ட சுற்றறிக்கை கடுமையாகவே கண்டிக்கிறது. ஒரு காலத்தில் இந்த வழிபாடு சனி காலையிலேயே நடந்தது. வெயில் அடிக்கும் கோயிலில் "இதுவே அந்த இரவு" என்று பாடிக்கொண்டிருந்தார்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1951இல் சோதனை முறையாக அதை இரவுக்கு மாற்றினார். நமது பங்குகள் பலவற்றில் 10.30 அல்லது 11 மணிக்குத் தொடங்குவது நல்ல வழக்கம். மாற்ற வேண்டாம்.

பாஸ்கா திரி, அதாவது உயிர்த்த கிறிஸ்துவைக் குறிக்கும் பெரிய மெழுகுதிரி, உண்மையான மெழுகில், ஆண்டுதோறும் புதிதாக, ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே எண்ணெய்க் குப்பி வைத்த பிளாஸ்டிக் குழாய்த் திரி மலிவுதான், சொட்டவும் சொட்டாது. ஆனால் அது எரிந்து குறையாது. பாஸ்கா புகழுரை என்று இந்தத் திரியின் முன் பாடும் நீண்ட பாடல் புகழும் தேனீக்களின் உழைப்பும் அதில் இல்லை. போன வருடத் திரியில் ஆண்டின் கடைசி எண்ணை மட்டும் சுரண்டி மாற்றுவதும் கூடாது.

திரியில் எழுதும் வரிசை: முதலில் சிலுவையின் நேர்கோடு, பிறகு குறுக்குக்கோடு. மேலே அகரம், கீழே னகரம் (தொடக்கமும் முடிவும்). ஆண்டின் நான்கு எண்கள் சிலுவையின் நான்கு மூலைகளில்: இடது மேலே 2, வலது மேலே 0, இடது கீழே 2, வலது கீழே 7. பிறகு ஐந்து சாம்பிராணி மணிகள், ஆண்டவரின் ஐந்து காயங்களுக்காக: மேலே, நடுவே, கீழே, இடது, வலது. இந்த மணிகளில்தான் பெரும்பாலும் மானம் போகும். கெட்டி மெழுகில் மணியின் ஊசி இறங்காது; குருவானவர் அழுத்த, திரி பிளக்கும். சனி பிற்பகலிலேயே காய்ச்சிய ஆணியால் ஐந்து துளைகளும் போட்டு, ஒவ்வொன்றிலும் மணியைச் செருகி எடுத்துப் பாருங்கள். உச்சியில், எரியும் நூலைச் சுற்றியுள்ள மெழுகை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீக்கி, ஒரு தடவை ஏற்றி அணைத்து வையுங்கள். புது நூல் முதல் தீக்கு அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது.

பாஸ்கா திரியை ஏற்ற வெளியே மூட்டும் புதுத் தீ, பெயருக்கு ஒரு சட்டிக் கரியாக இருந்தால் போதாது. இருட்டை விலக்கும் அளவுக்கு எரிய வேண்டும். கால் வைத்த இரும்புச் சட்டி, அடியில் ஒரு சாண் மணல், அதன்மேல் காய்ந்த கொட்டாங்கச்சியும் சிறு விறகும். அலுமினியத் தாம்பாளம் வேண்டாம், இளகிவிடும். மண்ணெண்ணெய் ஊற்றினால் தீ ஆளுயரம் எழும்பி இரண்டு நிமிடத்தில் படுத்துவிடும். வாடையும் திருவுடையில் ஏறும். சாந்தோம், பெசன்ட் நகர், காசிமேடு போன்ற கடலோரப் பங்குகளில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, மக்களைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் அல்லாமல் அது வரும் பக்கமே நிறுத்துங்கள். பொறி அவர்கள்மேல் பறக்காது. பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர். தூபக்கலசத்துக்கு இந்தத் தீயிலிருந்தே கரி எடுக்க வேண்டும், ஆகவே நீளமான இடுக்கி ஒன்று பீடச்சிறுவர் கையில் இருக்கட்டும்.

இனி சுவிட்ச் போர்டு. இதற்கென்றே ஒருவர் வேண்டும், வேறு வேலை கொடுக்காதீர்கள். மெயினை அணைத்தால் மைக் போகும், இன்வெர்ட்டர் அவசர விளக்கு தானாக எரியும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் பேர் ஒட்டி, தனித்தனியாக அணைத்துப் பழகுங்கள். மின்விசிறிகளும் அணைய வேண்டும். இந்தப் புழுக்கத்தில் முணுமுணுப்பு வரும். ஓடவிட்டால் மெழுகுதிரி அணையும், எரிவதும் சேலைமேல் சொட்டும். மாலையிலிருந்தே சன்னல்களைத் திறந்து வையுங்கள். பாஸ்கா புகழுரை முடிந்து மக்கள் திரிகளை அணைத்து உட்காரும்போது விசிறியைப் போடலாம்.

பாஸ்கா திரியை உயர்த்தி "கிறிஸ்துவின் ஒளி" என்று பாடுவது மூன்று இடங்களில்: வாசலில், கோயில் நடுவில், பீடத்தின் முன். வாசலில் குருவானவர் தம் திரியை ஏற்றுகிறார், நடுவில் மக்கள் ஏற்றுகிறார்கள், மூன்றாவதுக்குப் பிறகு கோயில் விளக்குகள் எரிகின்றன. பீடத்துத் திரிகள் மட்டும் காத்திருக்கும். 'உன்னதங்களிலே' பாடலுக்குச் சற்று முன்தான் அவற்றை ஏற்ற வேண்டும். 'உன்னதங்களிலே' வரை எல்லாவற்றையும் இருட்டாக வைத்து, மணியோடு பளிச்சென்று போடும் பங்குகள் உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாஸ்கா திரி கொண்டுவந்த ஒளி அப்போது மின்வாரியத்தின் ஒளியாகிவிடுகிறது.

மக்கள் திரி சுண்டுவிரல் கனமாவது இருக்கட்டும், பிறந்தநாள் கேக் திரி வேண்டாம். சொட்டும் மெழுகைத் தாங்கச் செருகும் அட்டையின் துளை திரியைவிடச் சற்றுச் சிறிதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். எரியும் திரியைச் சாய்க்காமல், எரியாத திரியைச் சாய்த்து ஏற்றும்படி தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். தரையில் சிந்தும் மெழுகு பாதியாகக் குறையும்.

பழைய ஏற்பாட்டில் ஏழு வாசகங்கள். குறைப்பதென்றாலும் குறைந்தது மூன்று. விடுதலைப் பயணம் 14ஆம் அதிகாரத்தை எக்காரணத்தாலும் விடக்கூடாது. செங்கடலைக் கடந்த கதை இல்லாமல், அடுத்து வரும் திருமுழுக்குத் தண்ணீருக்குப் பொருளே இல்லை. பாடகர் குழு அடிக்கடி தவறுவது ஏழாவதான எசேக்கியேல் வாசகத்துக்குப் பிறகு பாடும் பதிலுரைப் பாடலில். அன்றிரவு திருமுழுக்கு இல்லையென்றால் திருப்பாடல் 42. இருந்தால் எசாயா 12 அல்லது திருப்பாடல் 51. பங்குத்தந்தையிடம் ஒரு வாரம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நற்செய்திப் பவனியில் தூபம் உண்டு, மெழுகுதிரி இல்லை. பீடச்சிறுவர்கள் பழக்கத்தில் தூக்கிவிடுவார்கள்.

தவக்காலம் முழுவதும் நாம் நடந்துவந்தது திருமுழுக்கு வாக்குறுதியைப் புதுப்பிக்கும் இந்த இடத்துக்குத்தான். கைக்குழந்தையாகத் திருமுழுக்குப் பெற்றவருக்காக அன்று ஞானப்பெற்றோர் பதில் சொன்னார்கள். இன்று அவரே சொல்கிறார். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்ற கேள்விக்கு அலுவலகம், வட்டிக்கடன், பேச்சுவார்த்தை இல்லாத தம்பி எல்லாமே நினைவுக்கு வரலாம். வரட்டும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே மூச்சுவிட நேரம் கொடுங்கள்; இங்கேதான் பெரும்பாலும் அவசரப்படுகிறோம். மக்கள் திரிகள் மறுபடியும் எரிய வேண்டும், அதற்குள் விசிறி நின்றிருக்க வேண்டும். விசுவாச அறிக்கை தனியாக வராது.

தண்ணீர் மந்திரிக்கும்போது அதற்குள் பாஸ்கா திரியை இறக்குவதற்கு வாயகன்ற பித்தளை அண்டா வசதி. ஈரத்தில் திரி வழுக்கும், அடியைத் துண்டால் பிடிக்க ஒருவர் நிற்கட்டும். மைக் ஒயர் அந்தப் பக்கமே வேண்டாம். மக்கள் பாட்டிலில் தீர்த்தம் பிடிக்க முண்டியடிப்பார்கள். குழாய் வைத்த டிரம் ஒன்றைக் கோயிலுக்கு வெளியே, இரண்டு குழாயோடு, அன்பிய (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பக் குழு) பொறுப்பாளர் ஒருவரின் மேற்பார்வையில் வையுங்கள். டிரம்மைச் சனி காலையே கழுவி நிரப்பி, தண்ணீர் மந்திரிக்கும்போது மூடியைத் திறந்து அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்து, பிறகு வெளியே நகர்த்துங்கள்.