"அழாதே, பிள்ளைக்கு ஆகாது" என்று வாயை அடைக்காதீர்கள்

என் தங்கைக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு. கன்னத்தில் சந்தனமும் கை நிறைய வளையலுமாக எல்லாப் போட்டோவிலும் சிரித்தாள். அன்று இரவு பாயில் உட்கார்ந்து, வளையல்களை ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டே, "எதுவுமே தோண மாட்டேங்குதுக்கா" என்றாள். "மனசைப் போட்டுக் குழப்பிக்காதே, பிள்ளைக்கு ஆகாது" என்றேன். அதற்கப்புறம் ஒரு மாதம் அவள் என்னிடம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பாசத்தில் செய்கிற பெரிய தவறு இதுதான். ஏற்கெனவே மனச்சோர்வில் துவண்டு கிடப்பவள் மேல், பிள்ளைக்குக் கெடுதல் செய்கிறோமோ என்ற பயத்தையும் ஏற்றிவிடுகிறோம். அழுகை நிற்காது, குளியலறைக்குள் போய்விடும்.

எல்லாவற்றையும் மசக்கைக் கணக்கில் சேர்ப்பது இன்னொன்று. அசதி, தூக்கக்கேடு, சாப்பாடு பிடிக்காமை எல்லாம் கர்ப்பத்திலும் உண்டு, மனச்சோர்விலும் உண்டு என்பதால் குழப்பம் வரத்தான் செய்யும். ஆனால் பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல், ஓயாத பயத்தோடு, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற பேச்சோடு இரண்டு வாரம் தொடர்ந்தால் அது மசக்கை இல்லை. ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இப்படியே ஆளைச் சோர்த்துவிடும். அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரசவத்துக்கு அப்புறம்தான் இதெல்லாம் வரும் என்பதும் சரியில்லை. உலக அளவில் கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், புதிதாகப் பெற்றவர்களில் 13 சதவீதம் பேருக்கும் மனநலப் பாதிப்பு, முக்கியமாக மனச்சோர்வு, இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கர்ப்பம் தெரிந்த அன்றே தாங்களாக நிறுத்திவிடுவது ஆபத்து. வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் கர்ப்பத்திலும் தொடரக்கூடியவை இருக்கின்றன. எதை மாற்றுவது, எதைக் குறைப்பது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். திடீரென்று விட்டால் நோய் திரும்பலாம்.

மாதாந்திரப் பரிசோதனையில் எடை, பிரஷர், குழந்தையின் துடிப்பு எல்லாம் பார்ப்பார்கள். மனசைப் பற்றி யாரும் கேட்காமலே போகலாம். அதனால் நீங்களே சொல்லுங்கள், கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னாலும் போதும். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் கொண்ட எளிய தாள் ஒன்று 1987 முதல் இருக்கிறது, தமிழிலும் உண்டு. என் தங்கையோடு அடுத்த பரிசோதனைக்கு நான் போனேன். அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிக் கேள்வியில் ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பதுதான் அந்தக் கேள்வி.

அப்படி ஒரு எண்ணத்தை அவள் வாய்விட்டுச் சொன்னால் அதட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நள்ளிரவானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.