டாக்டர் கிடைக்கும் வரை: காரணம் தெரியாத உடல் தொல்லையை எப்படிக் கையாள்வது?

உடம்பில் ஏதோ சரியில்லை, என்னவென்றும் தெரியவில்லை, போய்க் காட்ட டாக்டரும் இல்லை. மருத்துவமனை தொலைவில் இருக்கலாம், கையில் காசில்லாமல் இருக்கலாம், அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நோய்க்குப் பெயர் வைப்பது மட்டும் அதில் சேராது. இரவெல்லாம் போனில் தேடினால் பயம்தான் மிஞ்சும். உடம்பில் நடப்பதை நடக்கிறபடி பதிவு செய்து வைப்பதுதான் இப்போது உங்கள் வேலை.

படி 1: காத்திருக்கலாமா என்று முதலில் பாருங்கள்

சில அறிகுறிகள் வந்தால் யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஆம்புலன்ஸோ பக்கத்து வீட்டு வண்டியோ, எது முதலில் கிடைக்கிறதோ அதில் கிளம்ப வேண்டும். நெஞ்சை இறுக்கிப் பிடித்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் கிளம்புங்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கையோ காலோ திடீரென்று செயலிழந்தாலும், பேச்சு குழறினாலும் அப்படியே. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இதுவரை வராத அளவுக்குத் திடீர்த் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்துப் பிசுபிசுக்கும் மலம், வலிப்பு, நினைவு தப்புவது, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, இவையும் அவசரம்தான். 3 மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே காத்திருக்கக் கூடாது. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வலுத்தாலும் அது அவசரம்தான். தனியாக இருக்காமல் உடனே யாரையாவது கூப்பிடுங்கள்.

வாய் கோணுவது, கைகால் செயலிழப்பது, பேச்சு குழறுவது என்று வரும் பக்கவாதத்தைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பார்த்து வையுங்கள். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும், ஏனென்றால் பெரிய தாக்குதலுக்கு முன்னோட்டமாகவும் அது இருக்கலாம்.

இன்னொன்று, காய்ச்சலோடு தோலில் சிவப்பாகவோ ஊதாவாகவோ புள்ளிகள் வந்தால் கண்ணாடி டம்ளரை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போதும் புள்ளி மறையாமல் தெரிந்தால் உடனே கிளம்புங்கள்.

படி 2: ஒரு நோட்டு போடுங்கள்

மேலே சொன்ன எதுவும் இல்லையா? சரி, ஒரு நோட்டை எடுங்கள். இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். ‘இன்னைக்கும் உடம்பு சரியில்லை’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதுங்கள்:

"செவ்வாய், காலை 6.40. கட்டிலில் இருந்து எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். அரை நிமிடத்தில் சரியாகிவிட்டது. அறை சுற்றவில்லை. பிரஷர் மாத்திரை நேற்று இரவு 10 மணிக்குப் போட்டேன்."

‘அறை சுற்றவில்லை’ என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். தலைசுற்றல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல விஷயங்கள் கலந்திருக்கின்றன. படுக்கையில் புரளும்போது சுற்றியிருப்பதெல்லாம் சுழன்றால் டாக்டரின் கவனம் உள்காதின் பக்கம் போகும். எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார். களைப்பும் அப்படித்தான். தூக்கம் சொக்குகிறதா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, கைகால் தூக்கவே வலுவில்லையா? மூன்றும் மூன்று வெவ்வேறு வழிகளில் கொண்டுபோய் விடும்.

ஆகவே ஒவ்வொரு முறையும் எங்கே, எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன செய்தால் கூடுகிறது, எதனால் குறைகிறது, கூடவே வேறென்ன வந்தது என்று எழுதுங்கள். பெண்கள் மாதவிடாய் நாளையும் குறிக்கலாம். தொல்லை இல்லாத நாளையும் விடாதீர்கள். நல்லாயிருந்த நாட்களில் எது மாறியிருந்தது என்பதில்தான் பல நேரம் துப்பு கிடைக்கும்.

படி 3: அளக்க முடிந்ததை அளங்கள்

கடிகாரம் ஒன்று போதும், நாடியைப் பார்த்துவிடலாம். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருக்கும். சீராக வருகிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்பதையும் எழுதுங்கள். மூச்சை இன்னொருவர் எண்ணுவது நல்லது, நாமே எண்ணினால் நம்மை அறியாமல் மாற்றிவிடுவோம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 30-ஐத் தொட்டால் மேலே சொன்ன அவசரக் கணக்கில் சேரும்.

பிரஷர் கருவி இருந்தால் 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் பாருங்கள். நிற்கும்போது கண் இருட்டுகிறவர்கள் படுத்திருந்து ஒரு தடவை, எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஒவ்வொரு தடவை பார்க்கலாம். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அந்த எண்ணே டாக்டருக்குப் பெரிய உதவி. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் வைப்பவர்கள் நகப்பூச்சை அழித்து, சில்லிட்ட விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு வையுங்கள்.

தொல்லை வரும்போது ஒரு தடவை, வராதபோது ஒரு தடவை, அவ்வளவு போதும். நாள் முழுக்க அளந்துகொண்டிருந்தால் அந்தப் பதற்றமே நாடியை ஏற்றிவிடும்.

படி 4: மாத்திரைப் பட்டியலைப் பாருங்கள்

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம். எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகளால் வறட்டு இருமல் வரலாம். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுத்தால் பி12 வைட்டமின் குறைந்து பாதம் மரத்துப்போகலாம். தொல்லை தொடங்கிய தேதிக்குப் பக்கத்தில் எந்த மாத்திரையாவது புதிதாக வந்ததா, அளவு மாறியதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

படி 5: கெடுதல் செய்யாத நிவாரணம்

வாந்தி, பேதியென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமால் போடலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் மதுப் பழக்கம் உள்ளவர்களுக்கும் அதுவே அதிகம். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும், அட்டையைப் படித்து அதையும் கணக்கில் சேருங்கள். மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக், யாரோ கொடுத்த ஸ்டீராய்டு, இரண்டையும் தொடவே வேண்டாம். நோயின் அடையாளத்தையே இவை மறைத்துவிடலாம்.

படி 6: கெடு வையுங்கள்

‘பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதற்கு ஒரு தேதி வேண்டும். காய்ச்சலுக்கு 3 நாள், இருமலுக்கு 2 வாரம், வாய்ப்புண்ணுக்கும் குரல் கரகரப்புக்கும் 3 வாரம். முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ எவ்வளவு தூரமானாலும் போய்க் காட்டுங்கள்.

படி 7: ஒரே பக்கத்தில் சுருக்குங்கள்

போனிலோ வீடியோவிலோ ஒரு டாக்டர் கிடைத்தால் ஐந்து நிமிடம்தான் இருக்கும். எப்போது தொடங்கியது, அதிகம் தொந்தரவு தருவது எது, அளவுகள், மாத்திரைகள், ஒவ்வாமை, எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு அப்படியே வாசியுங்கள். அளவெல்லாம் நார்மல் என்று வந்தாலும் உங்கள் வலி பொய்யாகிவிடாது. அப்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: "இன்னும் எதெல்லாம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்?", "என்ன நடந்தால் நான் உடனே வர வேண்டும்?" பதிலை அதே பக்கத்தின் அடியில் எழுதி, வீட்டில் இன்னொருவரிடமும் படிக்கக் கொடுங்கள்.