பினாங்கில் காடி லைசன்ஸ்: சரிவில் நிற்பது முதல் பாலம் ஏறுவது வரை

காடி (கார்) லைசன்ஸுக்கு 17 வயது ஆகியிருக்க வேண்டும்; மோட்டாருக்கு (மோட்டார் சைக்கிளுக்கு) 16 போதும். மைகாட் எனும் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் உள்ள வாகனமோட்டும் பள்ளியில் பதிந்துகொள்ளுங்கள். டி வகையா, டிஏ வகையா என்பதை அப்போதே முடிவு செய்துவிடுங்கள். டிஏ எடுத்தால் ஆட்டோ காடி மட்டும்தான் ஓட்டலாம். டி எடுத்தால் ஆட்டோ, கியர் மாற்றும் காடி இரண்டும் ஓட்டலாம். நாளைக்கு வேலையில் வேன் ஓட்டச் சொல்வார்கள் என்று தோன்றினால், சிரமம் பார்க்காமல் டி எடுங்கள். ‘பாஸ் நிச்சயம்’ என்று சொல்லிக் கூடுதல் வெள்ளி கேட்பவரிடம் போகவே போகாதீர்கள். அது லஞ்சம், கொடுத்தவர் மேலும் வழக்கு வரும். அதைவிட மோசம், ஓட்டத் தெரியாத ஒருவர் பிள்ளைகள் நடக்கும் சாலையில் இறங்குவது.

முதலில் கேபிபி 01 எனும் ஓட்டுநர் கல்வி வகுப்பு, பிறகு கணினித் தேர்வு. 50 கேள்விகளில் 42 சரியாக இருக்க வேண்டும். விடையை மனப்பாடம் செய்தவர்கள் பெரும்பாலும் சந்திப்புப் படங்களில்தான் தடுமாறுகிறார்கள். யாருக்கு வழி விட வேண்டும், ஏன் என்று ஒவ்வொரு படத்துக்கும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அதில் தேறினால் பழகுநருக்கான எல் லைசன்ஸ், பயிற்சித் திடல், பிறகு சாலைப் பயிற்சி.

திடலில் பலரை வீழ்த்துவது சரிவுதான். கோட்டில் நின்றதும் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கிளட்சை முழுக்க மிதித்து, முதல் கியர் போடுங்கள். லேசாக எண்ணெய் கொடுத்தபடியே (ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே) கிளட்சை மெல்ல மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கனத்து இறங்கும், பானெட் கொஞ்சம் தூக்கும். கால் அங்கேயே நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஹேண்ட்பிரேக்கை விட வேண்டும். காடி பின்னால் உருண்டால், அந்த இடம் வருவதற்குள் ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். எஞ்சின் அணைந்தால், கிளட்சைச் சட்டென்று விட்டிருப்பீர்கள், அல்லது எண்ணெய் போதவில்லை. தடித்த அடிப்பாகம் உள்ள காலணியில் இந்த உணர்வு காலுக்கு எட்டாது. மெல்லிய காலணி போட்டுப் போங்கள், சிலிப்பர் வேண்டாம்.

பக்கவாட்டு பார்க்கிங்கையும் மூன்று முனைத் திருப்பத்தையும் நிதானமாகச் செய்தால் போதும், அவசரத்தில்தான் சக்கரம் கோட்டைத் தொடும்.

ஆர்பிகே எனும் வாகனச் சோதனையைத் தேர்வோடு மறந்துவிடாதீர்கள். சமதளத்தில் எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து எஞ்சின் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். எண்ணெய் இரு குறிகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

தேர்வில் தேறியதும் இரண்டு ஆண்டுக்கு பி எனும் தகுதிகாண் லைசன்ஸ். சிவப்பில் வெள்ளை பி ஸ்டிக்கர் காடியின் முன்னும் பின்னும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பினாங்கில் புதியவர்கள் அதிகம் பயப்பட வேண்டியது ஜாலான் துன் சார்டோன் எனும் மலைச் சாலையில் பாலிக் பூலாவ் ஊர்ப் பக்கம் இறங்குவதற்குத்தான். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் அதுதான் எச்சரிக்கை. பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இரண்டாம் கியருக்கு வாருங்கள், ஆட்டோ என்றால் தாழ்ந்த கியருக்கு. எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும்.

பினாங்குப் பாலத்தில் வேக வரம்பு 80 கிலோமீட்டர். கடல் காற்று பக்கவாட்டில் தள்ளும், இரண்டு கையும் ஸ்டீரிங்கில் இருக்கட்டும். இடப்பக்கம் மோட்டார்கள் வந்துகொண்டே இருக்கும். இடப்புறம் ஒதுங்க வேண்டுமானால் முதலில் சிக்னல், அடுத்து கண்ணாடி, அதன் பிறகு இடது தோளுக்கு மேல் தலையைத் திருப்பி ஒரு பார்வை. கண்ணாடியில் தெரியாத மோட்டார் அந்தப் பார்வையில்தான் தெரியும். மழை கொட்டும்போது ஹெட்லைட் போடுங்கள். ஓடும் காடியில் நான்கு சிக்னலையும் மின்ன விடாதீர்கள்; நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. முன்னால் உள்ள காடி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். நீங்கள் அங்கு சேர இரண்டு வினாடியாவது ஆக வேண்டும், மழையில் நான்கு.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் சாலையோரம் நிறுத்தினால், வலப்பக்கக் கதவை இடது கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் மோட்டார் கண்ணில் படும். பின்னிருக்கைக்காரர்களுக்கும் பெல்ட் 2009 முதல் கட்டாயம். பாட்டி மறுத்தால் நீங்களே மாட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

பி காலத்தில் குற்றப் புள்ளிகள் பத்தானால் லைசன்ஸ் ரத்தாகும், மறுபடி முதலிலிருந்து எல்லாம். இரண்டு ஆண்டு முடிந்ததும் முழு லைசன்ஸாக மாற்றிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். முழு லைசன்ஸைக் காலாவதியாக மூன்று ஆண்டுக்கு மேல் விட்டாலும் அதே கதைதான்: திரும்பவும் வகுப்பு, திரும்பவும் அந்தச் சரிவு.