அமரோனேயை அவசரமாக ஊற்றாதீர்கள்

இத்தாலியில் வெரோனாவை ஒட்டிய வால்போலிசெல்லா குன்றுகளின் சிவப்பு ஒயின் அமரோனே. கொர்வீனா, கொர்வினோனே, ரொந்தினெல்லா திராட்சைகளின் கலவை. பறித்த கொத்துகளைக் காற்றோட்டமான பரண்களில் மூன்று நான்கு மாதம் உலர்த்தி, தோல் சுருங்கிய பிறகே பிழிகிறார்கள். நீர் வற்றிச் சர்க்கரை செறிவதால் ஆல்கஹால் 14 சதவீதத்துக்குக் குறையாது. 16 வரைகூடப் போகும். லேபிளைப் படித்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

'அறை வெப்பத்தில் பரிமாறவும்' என்ற அறிவுரையை நான் மதிப்பதில்லை. கோடையில் வெளியே வைத்த பாட்டிலைத் திறந்தால் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். 18 டிகிரி சரியாக இருக்கும். சற்று நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். பிறகு அகன்ற கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பழைய பாட்டிலானால் அடியில் வண்டல் தங்கியிருக்கும். குடுவைக்குள் மெல்லச் சாய்த்து, கழுத்தருகே கலங்கல் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். பெரிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றிச் சுழற்றினால் காய்ந்த செர்ரியும் கசப்புச் சாக்லேட்டும் மணக்கும்.

தொட்டுக்கொள்ள? ஒயினிலேயே மணிக்கணக்கில் வெந்து, கரண்டி பட்டாலே பிரியும் மாட்டிறைச்சிதான் என் முதல் தேர்வு. வெரோனாக்காரர்கள் இதே ஒயினை ஊற்றி, வியலோனே நானோ அரிசியில் ரிசோட்டோ என்னும் கருஞ்சிவப்புக் குழைசோறு கிண்டுகிறார்கள். கடைசியில் வெண்ணெய், துருவிய பாலாடைக்கட்டி, அவ்வளவுதான். சமைக்க நேரமில்லையென்றால், நாள்பட்ட மோந்தே வெரோனேசே பாலாடைக்கட்டித் துண்டுகூடப் போதும்.

மீன் வேண்டாம். மிளகாய்க் காரமும் வேண்டாம், ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். தக்காளி பாஸ்தாவுக்கு இதைத் திறப்பது வீண்செலவு. அதற்குச் சாதாரண வால்போலிசெல்லா ஒயினை வாங்குங்கள்.