கேஸ் அடுப்பில் மஞ்சள் சுடர் வந்தால்

கும்பகோணம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில், பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் உடனே சிலிண்டரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு பர்னரில்தான். சோற்றுக் கஞ்சி பொங்கி வழிந்து துளைகளில் காய்ந்துவிடும். காற்று சரியாகக் கலக்காமல் சுடர் மஞ்சளாகும்.

ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறியதும் பர்னரைக் கழற்றுங்கள். வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, அடைத்த துளைகளை ஊசியால் குத்திவிடுங்கள். அப்புறம் நன்றாகக் காயவேண்டும். பர்னர் உட்காரும் குழாய்க்குள் பூச்சிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் கேஸ் வெளிவரும் சின்ன முனையான ஜெட்டை மட்டும் தயவுசெய்து நோண்டாதீர்கள். அதன் துளை கொஞ்சம் பெரிதானாலும் கேஸ் கூடுதலாக வந்து மறுபடி மஞ்சள்தான். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

சுத்தம் செய்தும் சுடர் ஆடினால், முற்றத்து வழியே வரும் ஆடிக்காற்றாக இருக்கும். அடுப்பைச் சற்று நகர்த்துங்கள். ஜன்னலை அடைக்க வேண்டாம்.

வயல் ஓரத்து வீடுகளில் எலி டியூபைக் கடிக்கும். மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி வைத்துச் சோதிக்கவே கூடாது. கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, வெளியே போய் கேஸ் கசிவு அவசர எண்ணான 1906-க்கு அழையுங்கள்.