கடலோரத்துல பூட்டிக் கிடக்குற பழைய பலசரக்குக் கடையைத் திறக்கப் போறீங்களா, பெயிண்ட் டப்பாவை அப்புறம் வாங்கிக்கலாம்

பழைய கடையோட சாவி கைக்கு வந்ததும் பாதிப் பேர் நேரா போய் நிக்கிறது பெயிண்ட் கடையிலதான். தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. கடலுக்குப் பக்கத்துல இருக்குற கட்டடத்தை அரிக்கிறது உப்பு, அது சுவருக்குள்ள உக்காந்திருக்குற வரைக்கும் மேல எவ்ளோ காஸ்ட்லியா அடிச்சாலும் ஒரு மழைக்காலம் தாங்காது, கொப்புளம் கொப்புளமா எழும்பி உரிஞ்சிடும்.

காரணம் என்னன்னா, காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்துக்கு மேல போனா உப்பு ஈரத்தை இழுத்துக் கரையும், கீழ இறங்குனா திரும்பக் கட்டியாகும், கடலோரத்துல ராத்திரி மேல போயி மத்தியானம் கீழ வர்றது சாதாரணம். ஒவ்வொரு தடவை கட்டியாகும்போதும் பூச்சுக்குள்ள இருக்குற சின்னச் சின்ன ஓட்டையை உள்ளேருந்து நெம்பும். கை வச்சா காரை மாவு மாதிரி உதிர்றது அதனாலதான்.

முதல்ல சுவர்ல ஈரம் எங்கேருந்து வருதுன்னு பாருங்க. ரெண்டடிக்கு ரெண்டடி பாலிதீன் ஷீட்டை சுவர்ல வச்சு நாலு ஓரமும் காத்துப் புகாம டேப் ஒட்டி ரெண்டு மூணு நாள் விடுங்க. ஷீட்டுக்கு உள்பக்கம் முத்து முத்தா நீர் கோத்திருந்தா ஈரம் சுவர்லேருந்து வருது, வெளிப்பக்கம் மட்டும் நனைஞ்சிருந்தா அது ரூம் காத்துல இருக்குற ஈரம். சுவர்லேருந்துதான்னா கூரை ஒழுகுதா, மழைத்தண்ணிக் குழாய் உடைஞ்சிருக்கா, வெளித்தரை உள்தரையை விட மேடாயிடுச்சான்னு பாத்து அதைச் சரி பண்ணுங்க, மத்த வேலையெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

வெள்ளையா பூத்திருக்குற உப்பைத் தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, கரைஞ்சு திரும்ப உள்ளதான் போகும். காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி, கீழ விழுந்ததை அள்ளி வெளிய கொட்டுங்க. பழைய செங்கல் சுவர்ல பின்னால யாராவது சிமெண்ட் பூசியிருந்தா, விவரம் தெரிஞ்ச கொத்தனாரை வச்சு அதைப் பக்குவமா எடுத்துட்டு சுண்ணாம்புக் காரை பூசுங்க. சிமெண்ட் ஈரத்தை உள்ள அடைச்சு வைக்கும், சுண்ணாம்பு அதை வெளிய விடும், உப்பையும் தன் மேல வாங்கிக்கும், சில வருஷத்துல பூச்சு போச்சுன்னா திரும்பப் பூசிக்கலாம், செங்கல் போச்சுன்னா என்ன பண்றது? சுவர் காய வாரக்கணக்குல, சில சமயம் மாசக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் திறப்பு விழாத் தேதி யாருக்கும் சொல்லாதீங்க.

மூணு ஆபத்து இருக்கு. ரொம்பப் பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அதனால உலர வச்சு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. கூரை ஆஸ்பெஸ்டாஸ்னா நீங்களே உடைக்கவோ ஓட்டை போடவோ வேணாம், அதுக்குன்னு தெரிஞ்ச ஆள் வரட்டும். காங்கிரீட் கூரை வெடிச்சு உள்ள கம்பி துருப்பிடிச்சுத் தெரிஞ்சா இன்ஜினியர் பாக்காம அடியில நிக்கக்கூட வேணாம்.

வயரிங் மொத்தமும் புதுசாப் போட்டுடுங்க, மின்கசிவு 30 மில்லி ஆம்ப்ஸ் ஆனாலே ட்ரிப் ஆகுற பிரேக்கர் (RCCB) வைங்க, சுவர்ல பழைய வெள்ளத்தோட கறை எந்த உயரத்துல இருக்குன்னு பாத்து போர்டை அதுக்கும் மேல மாட்டுங்க. கீல், ஸ்க்ரூ எல்லாம் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல வாங்குங்க, 304 கிரேடு கொஞ்சம் மலிவு ஆனா அதுல உப்பைத் தாங்க வைக்கிற மாலிப்டினம்ங்கிற உலோகம் கிடையாது, உப்புக்காத்துல துருப்புள்ளி சீக்கிரம் வந்துடும்.

கவுண்டரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். கல்லாப்பெட்டி பக்கத்து விளிம்புல விரலை ஓட்டிப் பாருங்க, வருஷக்கணக்கா காசு வச்சு வச்சு எடுத்த கைங்களால மரம் லேசா குழிஞ்சு வழவழன்னு இருக்கும். ஆசாரி இழைச்சு சமமாக்கட்டுமான்னு கேப்பார், வேணாம்னு சொல்லுங்க. கரையான் தின்ன காலை மட்டும் மாத்தி, ஈரத்துணியால துடைச்சு, நல்லாக் காய விட்டு ஆளிவிதை எண்ணெய் தேய்ங்க, போதும். தேய்ச்ச துணியைச் சுருட்டிப் போடாதீங்க, அது தானாவே சூடேறித் தீப்பிடிக்கும், விரிச்சு வெளிய காயப் போடுங்க. பழைய தராசு அழகா இருந்தா காட்சிக்கு வைங்க, வியாபாரத்துக்கு முத்திரை வாங்குன தராசுதான்.

சரக்கைத் தரையில அடுக்காதீங்க, 15 சென்டிமீட்டராவது உயரமா பலகை போட்டு, சுவர்லேருந்தும் கொஞ்சம் தள்ளி வைங்க, நடுவுல காத்துப் போகணும். சர்க்கரை, மாவெல்லாம் இறுக்கமா மூடுற டப்பால. முதல்ல காலாவதி ஆகுறது முன்னால நிக்கட்டும்.

என்ன சரக்கு போடணும்னு நீங்களா லிஸ்ட் எழுதாதீங்க. முன்ன அந்தக் கடையில வாங்குன பெரியவங்ககிட்ட உக்காந்து, எதுக்காக இங்க வந்தீங்க, மூடுன பிறகு எதை வாங்க தூரமா போறீங்கன்னு கேளுங்க. அவங்க சொல்றதுல பாதி கயிறு, பேட்டரி, மெழுகுவர்த்தி, ஒத்தை ஒத்தையா விக்கிற ஸ்க்ரூன்னு சின்னச் சாமானாத்தான் இருக்கும், லாபம் கம்மி, ஆனா அதுக்கு வர்ற ஆள்தான் மத்ததும் வாங்குவாங்க. கடனுக்கு நோட்டு போட்டா ஆளுக்கு இவ்ளோதான்னு முதல் நாளே சொல்லிடுங்க, பின்னாடி சொன்னா மனஸ்தாபம்தான்.

முதல்ல பாதி அலமாரியை மட்டும் நிரப்பி, படகு கிளம்புற நேரத்துலயும் கரைக்குத் திரும்புற நேரத்துலயும் ஒரு வாரம் திறந்து பாருங்க. பக்கத்துல ஒரு நோட்டு வச்சு, கேட்டு இல்லைன்னு திரும்புனதை எல்லாம் அப்பப்ப எழுதுங்க. மீதி அலமாரிக்கு அந்த நோட்டைப் பாத்து ஆர்டர் கொடுங்க.