முடி மாற்று முறைகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முடி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள்: எஃப்.யூ.டி. நல்லதா, எஃப்.யூ.இ. நல்லதா, இல்லை டி.எச்.ஐ. செய்துகொள்ளலாமா? முதல் தவறு இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. மூன்றும் ஒரே வேலைக்கான மூன்று வழிகள் என்று எண்ணிக்கொண்டு ஒப்பிடத் தொடங்கினால், அதற்குப் பிறகு கிடைக்கும் விடை எதுவாக இருந்தாலும் அது நமக்கு உதவாது.

எந்தப் பெயரில் நடந்தாலும் இந்தச் சிகிச்சையில், நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பறித்து வயலில் நடுவதைப் போல, எடுப்பது, நடுவது என்று இரண்டு பாகங்கள் உண்டு. எஃப்.யூ.டி., எஃப்.யூ.இ. ஆகிய இரண்டும் எடுக்கும் முறைகள். முதலாவதில், பின்மண்டையிலிருந்து நீளவாட்டில் ஒரு பட்டைத் தோலை வெட்டியெடுத்து, அந்த இடத்தைத் தைத்துவிட்டு, எடுத்த பட்டையிலுள்ள மயிர்க்கால் கொத்துகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் தனித்தனியாகப் பிரிப்பார்கள். இரண்டாவதில், பஞ்ச் எனப்படும் மெல்லிய குழல் கத்தியால் ஒவ்வொரு கொத்தையும் சுற்றி வெட்டி, ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார்கள். டி.எச்.ஐ. என்ற பெயர் நடும் பாகத்தைச் சேர்ந்தது. எடுத்த கொத்தை, அதாவது கிராஃப்டை, ஒரு பேனா போன்ற கருவிக்குள் ஏற்றி, தோலில் துளையிடுவதையும் நடுவதையும் ஒரே அசைவில் முடிப்பதே அதன் சிறப்பு. கொரிய மருத்துவர்கள் 1992இல் விவரித்த சோய் கருவியின் வழிவந்தது அந்தப் பேனா. அதில் ஏற்றப்படும் கிராஃப்டுகளும் பெரும்பாலும் எஃப்.யூ.இ. முறையில் எடுக்கப்பட்டவையே. சஃபையர் எஃப்.யூ.இ. என்பதிலோ, நடுவதற்கான கீறல்களைப் போடும் கத்தியின் முனை நீலக்கல்லால் ஆனது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. 2011இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்ற ஆர்ட்டாஸ் ரோபோவும் எடுக்கும் வேலைக்காகவே உருவாக்கப்பட்டது. ஆகவே, எஃப்.யூ.இ.யா டி.எச்.ஐ.யா என்று கேட்பது, பறிப்பதையும் நடுவதையும் எதிரெதிரே நிறுத்தி எது மேல் என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

முறைகளின் பெயர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒப்பிட வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று நான் கருதுகிறேன்: பின்மண்டையில் உள்ள கையிருப்பு எவ்வளவு, அதை இந்தச் சிகிச்சை எப்படிச் செலவழிக்கப்போகிறது? பின்மண்டையிலும் காதுகளுக்கு மேலேயும் உள்ள முடி, பரம்பரை வழுக்கையை உண்டாக்கும் ஹார்மோனுக்கு எளிதில் அடங்குவதில்லை. அதை இடம் மாற்றி நட்டாலும் அந்தக் குணம் கூடவே வருகிறது என்பதை நியூயார்க்கின் தோல் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைக் 1959இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். இன்றுள்ள எல்லா முறைகளும் இந்த ஒரே அடிப்படையில்தான் நிற்கின்றன. எடுத்த இடத்தில் புதிய மயிர்க்கால் முளைப்பதில்லை. அறுவை சிகிச்சை முடியைப் பெருக்குவதில்லை. ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்துக்கு மாற்றுகிறது.

கையிருப்பின் அளவை ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். வழுக்கை விழாத தலையில் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 65 முதல் 85 மயிர்க்கால் கொத்துகள் இருக்கும். நடும் இடத்தில் அந்த அடர்த்தியைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. 30 முதல் 40 வரை நட்டாலே பார்வைக்கு நிறைவாகத் தெரியும். ஒருவருக்கு 200 சதுர சென்டிமீட்டர் பரப்பில் வழுக்கை விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 35 அடர்த்தியில் நிரப்ப 7,000 கிராஃப்டுகள் வேண்டும். பலருடைய பின்மண்டை தன் ஆயுள் முழுவதும் தரக்கூடியதைவிட அது அதிகம். எனவே, அதிக கிராஃப்ட் எடுப்பவரே திறமைசாலி என்று நினைத்து, ஒரே அமர்வில் எத்தனை ஆயிரம் என்ற எண்ணை வைத்து இடங்களை ஒப்பிடுவது முதலுக்கே மோசமாக முடியும். பத்தாண்டு கழித்து வழுக்கை இன்னும் பின்னால் நகரும்போது, அப்போது எடுப்பதற்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

கிராஃப்ட் எண்ணிக்கையை ஒப்பிடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு கொத்தில் ஒன்று முதல் நான்கு முடிகள் வரை இருக்கலாம். 2,000 கிராஃப்ட் என்று ஒருவர் சொன்னால் அது 2,000 முடியாகவும் இருக்கலாம், 4,500 முடியாகவும் இருக்கலாம். மூன்று முடி உள்ள கொத்தை மூன்றாகப் பிரித்து எண்ணிக்கையை உயர்த்திக் காட்டவும் வழியுண்டு. ஆகவே ஒற்றை முடிக் கொத்து எத்தனை, இரட்டை எத்தனை, மூன்று முடி உள்ளவை எத்தனை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேர்மையாக எண்ணுகிறவர்களுக்கு அதைத் தருவதில் தயக்கம் இருக்காது.

அடுத்து, தழும்பைப் பற்றிய தவறு. எஃப்.யூ.இ. தழும்பே இல்லாத முறை என்று சொல்லப்படுவதை நம்பி முடிவெடுப்பவர்கள் ஏராளம். தோலை வெட்டும் எந்தச் சிகிச்சையும் தழும்பு இல்லாமல் முடிவதில்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம்: 0.9 மில்லிமீட்டர் விட்டமுள்ள பஞ்சால் 2,500 கொத்துகளை எடுத்தால், அந்தத் துளைகளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 16 சதுர சென்டிமீட்டர். ஆறும்போது அவை சற்றுச் சுருங்கினாலும், வெண்புள்ளிகளாக நிலைத்துவிடும். அதே அளவு கிராஃப்டுகளுக்காக எடுக்கும் பட்டை 25 சென்டிமீட்டர் நீளம் இருந்து, தழும்பு 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஆறினால், அதன் பரப்பு வெறும் 5 சதுர சென்டிமீட்டர். வித்தியாசம் என்னவென்றால், ஒன்று சிதறிக் கிடப்பதால் கண்ணுக்கு மறைகிறது. மற்றொன்று ஒரே கோடாக இருப்பதால், முடியை மிகக் குட்டையாக வெட்டினால் தெரிந்துவிடுகிறது. ஓரளவு நீளமாக முடி வைத்துக்கொள்பவருக்கு அந்தக் கோடு ஒரு பொருட்டே ஆகாது. மெஷின் வைத்து ஒட்ட வெட்டிக்கொள்பவருக்கு அது பெரிய குறை. உங்கள் தலைமுடியை எந்த நீளத்தில் வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்காமலேயே முறையைப் பரிந்துரைக்கிறவர், உங்களுக்காக யோசிக்கவில்லை.

எஃப்.யூ.இ.யில் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அளவுக்கு மீறி எடுக்கப்பட்ட ஒரு பின்மண்டையைப் பகல் வெளிச்சத்தில் அருகிலிருந்து பார்த்தால் அது விளங்கும்: சில இடங்களில் முடி நெருக்கமாகவும், சில இடங்களில் தோல் பளபளவென்று தெரியும்படியும், பூச்சி அரித்த கம்பளியைப் போல் திட்டுத்திட்டாக இருக்கும். ஒரு பகுதியில் இயல்பான அடர்த்தி பாதியாகக் குறையும் வரை பொதுவாகக் கண் கண்டுபிடிக்காது. அந்த எல்லையைத் தாண்டினால் மறைக்க வழியில்லை. எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகக் கழுத்தோரத்திலும் மேல் விளிம்பிலும் உள்ள முடியையும் எடுத்துவிடுவதும் நடக்கிறது. அந்த விளிம்பு முடிகள் எல்லோருக்கும் நிலையானவை என்று சொல்ல முடியாது. அவை பின்னாளில் உதிரும்போது, முன்னால் நட்டவையும் சேர்ந்தே உதிரும். எஃப்.யூ.டி. பட்டை நிலையான பகுதியின் நடுவிலிருந்தே எடுக்கப்படுவதால் இந்தத் தொல்லை அதில் குறைவு.

பஞ்ச் தோலுக்குள் இறங்கும் அந்தக் கணத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். முடி தோலிலிருந்து நேராக எழுவதில்லை, சாய்ந்து வெளிவருகிறது. தோலுக்கு அடியில் அதன் வேர் 4 முதல் 6 மில்லிமீட்டர் ஆழம் வரை போகிறது, வெளியே தெரியும் சாய்வும் உள்ளே போகும் சாய்வும் பல நேரங்களில் ஒன்றாக இருப்பதில்லை. மேலே தெரிவதை மட்டும் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத வேரைச் சுற்றி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த குழலை இறக்க வேண்டும். கோணம் சற்றுத் தப்பினால் வேர் குறுக்கே வெட்டுப்பட்டுவிடும். சுருள்முடி உள்ளவர்களுக்கு வேரும் தோலுக்கு அடியில் வளைந்திருப்பதால் இது இன்னும் கடினம். இப்படி வெட்டுப்படும் விகிதம் கருவியின் பெயரைவிட அதைப் பிடித்திருக்கும் கையைப் பொறுத்தே கூடவோ குறையவோ செய்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, முறைகளை ஒப்பிடுவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது, யார் செய்யப்போகிறார் என்பதை விசாரிப்பதற்குச் செலவிட வேண்டும் என்பேன்.

அந்த விசாரணையில் பலர் மருத்துவரின் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். பலகையில் இருக்கும் பெயர் ஒருவருடையதாகவும், பஞ்சைப் பிடிக்கும் கை இன்னொருவருடையதாகவும் இருப்பது இந்தத் துறையில் உலகெங்கும் உள்ள நோய். 1993இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு முடி சீரமைப்பு அறுவை சிகிச்சைச் சங்கம் இதை எதிர்த்துத் தனி விழிப்புணர்வு இயக்கமே நடத்துகிறது. கீறல் போடுவது யார், கொத்துகளை எடுப்பது யார், மரத்துப்போவதற்கான ஊசியின் மொத்த அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது யார், ஒரே நாளில் எத்தனை பேருக்குச் செய்கிறார்கள் என்ற கேள்விகளை நேராகவே கேட்கலாம். லிடோகெய்ன் போன்ற மருந்து உடல் எடைக்கு ஏற்ற அளவை மீறினால் வலிப்பும் இதயத் துடிப்பில் கோளாறும் வரக்கூடும் என்பதால், ஊசியைப் பற்றிக் கேட்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்த கிராஃப்டுகள் உடலுக்கு வெளியே காத்திருக்கும் நேரமும் முக்கியம். உலரவிட்டால் சில நிமிடங்களிலேயே கெட்டுவிடும். குளிர்ந்த திரவத்தில் வைத்தாலும், மணிநேரம் கூடக்கூடப் பிழைப்பவை குறைந்துகொண்டே வரும். பேனா முறையின் உண்மையான அனுகூலம், நடும்போது கிராஃப்டைக் குறடால் பிடித்து நசுக்கும் வாய்ப்பு குறைவு என்பதும், இருக்கும் முடியை மழிக்காமலேயே இடையிடையே நடலாம் என்பதும்தான். பழகாத கையில் அந்த அனுகூலமும் இல்லாமல் போகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றைக் கடைசியில் செய்பவர்கள், அல்லது செய்யாமலே விடுபவர்கள் பலர். முடி ஏன் உதிர்கிறது என்று கண்டறியாமல் முறைகளை ஒப்பிடுவதில் பொருளில்லை. கடும் காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக உதிரும் முடி, பெரும்பாலும் தானே திரும்பி வருகிறது. இரும்புச் சத்துக் குறைவாலும் தைராய்டு கோளாறாலும் உதிர்ந்தால் அந்தக் காரணத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். வட்டத் திட்டுகளாக விழும் புழுவெட்டு, உடலின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்கால்களைத் தாக்குவதால் வருவது. அது தீவிரமாக இருக்கும்போது நட்டால், நட்டதையும் அது தாக்கும். லைக்கன் பிளானோபிலாரிஸ் போன்ற, மயிர்க்கால்களை அழித்துத் தழும்பாக்கும் நோய்களிலும் அப்படியே. இன்னும் சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பின்மண்டை உட்படத் தலை முழுவதும் முடி மெலிந்திருக்கும்; அவர்களிடம் எடுப்பதற்கு நிலையான முடியே இருக்காது. உருப்பெருக்கியால் பின்மண்டையையும் சேர்த்துப் பார்க்காமல், புகைப்படம் ஒன்றை அனுப்பச் சொல்லிக் கிராஃப்ட் எண்ணிக்கையைச் சொல்லிவிடுவது நோயறிதல் ஆகாது.

இளம் வயதினருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதில், பள்ளிப் பருவத்தில் இருந்த முன்னெற்றிக் கோட்டையே திரும்பக் கேட்பது இயல்பான ஆசை. அதை அப்படியே வரைந்து கொடுப்பது அகலக்கால் வைப்பது. நட்ட முடி முன்னால் நிற்க, நடாத பழைய முடி அதன் பின்னால் விலகிக்கொண்டே போனால், நடுவில் வெறும் தோலோடு ஒரு தீவு உருவாகும். நடுவதால் வழுக்கை நிற்பதில்லை. இருப்பதைக் காப்பதற்கு மருந்து வேண்டியிருக்கலாம்: மினாக்சிடில் 1988லும், ஆண்களுக்கான ஒரு மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு 1997லும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றவை. பக்கவிளைவுகளை மருத்துவரிடம் பேசி அறிந்தே தொடங்க வேண்டும். கருவுறும் வாய்ப்புள்ள பெண்கள் ஃபினாஸ்டரைடு எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்து எதுவும் எடுக்க மாட்டேன் என்பவர், அதற்கேற்றபடி நெற்றிக் கோட்டை உயரமாகவும் கையிருப்பை மிச்சமாகவும் வைத்துத் திட்டமிட்டாக வேண்டும்.

எடுக்கும் முறைகள் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பதை மறந்து, ஏதோ ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைப்பதும் தவறே. வழுக்கை மிகுதியாக உள்ளவர்களுக்கு முதலில் பட்டையை எடுத்து, பிறகு அதன் மேலும் கீழும் உள்ள பகுதியிலிருந்து எஃப்.யூ.இ. செய்தால், ஆயுள் கணக்கில் கிடைக்கும் கிராஃப்டுகள் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். வரிசையை மாற்றினால், ஏற்கெனவே துளைகள் விழுந்து மெலிந்த தோலில் பட்டை வெட்ட வேண்டியிருப்பதால் ஒவ்வொரு பட்டையிலும் கிடைப்பது குறைந்துவிடும்.

முன்பின் புகைப்படங்களை ஒப்பிடும்போது, இரண்டிலும் வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வருகிறதா, முடியின் நீளம் ஒன்றா, ஈரமா உலர்ந்ததா என்று பாருங்கள். முன்னால் ஈரமுடி, பின்னால் உலர்ந்து சீவிய முடி என்றால் அந்தப் படம் எதையும் காட்டவில்லை. பின்மண்டையின் படத்தையும் கேளுங்கள். பெரும்பாலும் காட்டப்படாதது அதுதான்.

கடைசியாக, எந்த முறையையும் அவசரப்பட்டுத் தீர்ப்பிடக் கூடாது. நட்ட முடி இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். காலையில் தலையணை உறையில், நுனியில் வெள்ளைப் பொட்டோடு குட்டை முடிகள் ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பதறாதவர் குறைவு. மயிர்க்கால் உள்ளே ஓய்வில் இருக்கிறது. மூன்றாவது நான்காவது மாதத்தில் மெல்லிய முடிகள் எழும். பன்னிரண்டாம் மாதத்தில்தான் உருவம் தெரியும். உச்சிச் சுழியில் பதினெட்டு மாதம் வரையிலும் ஆகலாம். ஐந்தாம் மாதத்தில் கண்ணாடியைப் பார்த்து, அந்த முறை தோற்றுவிட்டது, இந்த முறையில் இன்னொரு தடவை செய்துகொள்கிறேன் என்று மீண்டும் பின்மண்டையைத் திறப்பவர், முளைக்கவிருக்கும் முடி எவ்வளவு என்று தெரியாமலேயே மீதியுள்ள கையிருப்பைச் செலவழிக்கிறார்.